வெய்யோவின் கையுறை காயவில்லை

ஓட்சோவின் வேலை தூங்க வைப்பது. குழந்தைகளை அல்ல, செயலிகளை. பனி மூடிய வடக்கத்தி ஊரான ஔலு நகரத்து அலுவலகத்தில் தனியறை போட்டு வைத்திருந்த அந்தப் பெரிய கணினிக்குள் அறுபத்து நான்கு செயலிகள், அதாவது கணக்குப் போடும் மூளைகள். வேலை இல்லாத செயலி முதலில் கண்ணயர வேண்டும், அப்புறம் தூங்க வேண்டும், கடைசியில் மின்சாரமே வேண்டாமென்று அடித்துப் போட்டாற்போல் கிடக்க வேண்டும். எது எப்போது எந்த நிலைக்குப் போவது என்று முடிவு செய்யும் நிரலை ஓட்சோ எழுதியிருந்தான். சிக்கல் ஒன்றுதான். எல்லாமே ஆழ்ந்து தூங்கினால்தான் பொதுவான பாகங்களையும் அணைக்க முடியும். ஒன்று விழித்திருந்தாலும் வீடு முழுக்க விளக்கெரியும்.

எரிந்துகொண்டுதான் இருந்தது.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அது தூங்கலேன்னா பழைய நிரலையே வெளியிட்டுடுவேன் ஓட்சோ," என்றார் குழுத் தலைவர் ரைலி. "உன் ஒப்பந்தத்தையும் நீட்டிக்க முடியாது." ரைலி திட்டமாட்டார். பனி விழும் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். திட்டியிருந்தால் தேவலை.

ஓட்சோ பக்கத்து மேசை வெய்யோவைச் சந்தேகப்பட்டான்.

"டேய், உன் புரோகிராம் ஏதாவது அதுல ஓடுதா?"

"சத்தியமா இல்லடா."

"அப்ப யார்தான் அதுங்கள எழுப்பறது?"

"நீ இப்படி முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா எவனுக்குடா தூக்கம் வரும்?"

ஓட்சோ முறைத்துக்கொண்டிருந்தது தன் மடிக்கணினியை. அதில் அவனே செய்த கண்காணிப்புப் பலகை. நொடிக்கொரு தரம் ஒவ்வொரு செயலியிடமும் போய் நிலவரம் கேட்டு வரும். விழித்திருந்தால் பச்சை, ஆழ்ந்த தூக்கமென்றால் நீலம். வாரக்கணக்கில் ஒரே பச்சை.

மதியக் காபி நேரம் வந்தது. அங்கே உலகம் முடிந்தாலும் காபி குடித்துவிட்டுத்தான் முடியும். வழக்கமாக மடிக்கணினியைத் திறந்தபடி விட்டுப்போகிற ஓட்சோ, அந்தப் பச்சையைப் பார்க்கச் சகிக்காமல் இன்று படாரென்று மூடிவிட்டுப் போனான். ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அந்த ஊர் ஆறுதல்.

காபி முடிந்ததும் கணினி அறையிலிருந்து வெய்யோவின் குரல் வந்தது.

"என்னடா பண்ணித் தொலைச்ச? என் கையுறை காயலடா!"

சாப்பாட்டு வேளையில் உறைந்த ஆற்றின் மேல் பனிச்சறுக்கிவிட்டு வருகிறவர்கள் ஈரக் கையுறைகளைக் கணினியின் பின்புறத்தில் தொங்கவிடுவது வழக்கம். உலர்த்தும் மின்சார அலமாரி கீழ்த்தளத்தில் இருந்தது. படியிறங்க யாருக்கும் மனம் வராது. கணினியின் சூடான காற்றில் காபி முடிவதற்குள் எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். இன்று சொட்டிக்கொண்டிருந்தது.

ஓட்சோ கையை நீட்டிப் பார்த்தான். காற்று சில்லென்றிருந்தது. ஓடிப்போய் மடிக்கணினியைத் திறந்தான். எல்லாம் பச்சை. திரும்பி வந்தான். காற்று சூடேறிக்கொண்டிருந்தது.

அவனுக்கு உறைத்தது. மடிக்கணினியை மூடினால் பலகையும் நின்றுவிடும், திறந்தால் மறுபடி கேட்க ஆரம்பித்துவிடும். தூங்குகிற ஒவ்வொன்றையும் நொடிக்கொரு தரம் தட்டியெழுப்பி, "தூங்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது அவன்தான். பதில் சொல்லவாவது அது விழிக்க வேண்டாமா?

"ரைலி, என் நிரல் சரியாத்தான் இருக்கு!"

"திரையில காட்டு."

"காட்டினா முழிச்சுக்கும்."

"காட்டலேன்னா நான் எப்படி நம்பறது?"

ஓட்சோ மடிக்கணினியை மூடி அவர் கையில் கொடுத்தான். "இத நீங்களே வச்சுக்குங்க. உங்க கையுறைய நனைச்சு அங்க தொங்கவிடுங்க."

ரைலி கழுவுதொட்டிக்குப் போய் ஒரு கையுறையை நனைத்துவந்து மாட்டினார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது வந்து எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் வந்தது.

"நல்லது," என்றார். ரைலியின் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. "உன் நிரலையே வெளியிடறேன். ஒப்பந்தத்துக்குத் திங்கட்கிழமை வா."

ஒரு கையில் உறையும் இன்னொரு கை கோட்டுப் பைக்குள்ளுமாக வாசல்வரை போனவர் திரும்பினார்.

"இந்த மாடிக்கு ஒரு உலர்த்தும் அலமாரி வாங்கச் சொல்லு, வெய்யோ."

அடுத்த வாரமே அலமாரி வந்துவிட்டது. நாள் முழுக்க ஓடுகிறது. அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று யாரும் ஓட்சோவிடம் கேட்கவில்லை. கண்காணிப்புப் பலகை செய்கிற ஆசை அவனுக்கும் விட்டுப்போயிருந்தது.