பின்பக்கம் நின்றவள்

சென்னையில் ஜப்பான் குண்டு விழப்போகிறது என்று ரயில் ரயிலாக ஜனங்கள் ஓடிவந்த வருஷம், என் கணவர் மணவாளனும் திருத்தணிக்குத் திரும்பினார். கையில் துணிமூட்டைகூட இல்லை. வைக்கோல் சுற்றிய வண்ணக் கண்ணாடிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவர் வேலை செய்த பட்டறையை மூடிவிட்டார்கள். ரயிலடிப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த மாதா கோயிலின் சாமியார், அந்தப் பட்டறையில் செய்யக் கொடுத்திருந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலை இங்கேயே முடித்துத் தரச் சொல்லிவிட்டார்.

மாதாவும் கையில் குழந்தையும். அதுதான் ஜன்னல்.

நான் அப்போது ஏழு மாதம். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. தும்மல் வந்தால்கூட வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

முதலில் காகிதத்தில் வரைந்தார். சுருட்டிய புடவையைக் குழந்தைபோல ஏந்தி என்னை நிற்கச் சொன்னார்.

"பொறக்கறதுக்கு முன்னாடி வெறுந்துணியத் தூக்கிகினு நிக்க வெக்கறியே நைனா" என்றார் மாமியார் ஜெயம்மா. மகனை அப்படித்தான் கூப்பிடுவார்.

"சப்பான்காரன் வந்தா தூக்கிகினு ஓடப் பழகட்டும்மா."

அத்தை சிரிக்கவில்லை.

அவர் படத்தின்மேல் கண்ணாடியை வைத்து வெட்டினார். முகங்களைப் பழுப்பு மையால் எழுதிச் சூளையில் சுட வேண்டும். குழந்தையின் கண்ணை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். அவர் அப்பா மலைக்கோயிலின் மரக்குதிரை போன்ற வாகனங்களுக்கு வர்ணம் அடித்தவர். கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். முதல் பார்வை ஆள்மேல் விழுந்தால் அந்த ஆளுக்கு ஆகாது. முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே வைத்து, அதில் விழ வைப்பார்கள்.

"மாதா கோயிலுக்குமா அந்த வழக்கம்?" என்றேன்.

"கண்ணு கண்ணுதான் கோமளா."

வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பதற்காகச் குழந்தை முகம் இருந்த சில்லை வீட்டு ஜன்னல் விளிம்பில் நிறுத்தினார். அது சரியாமல் நான் தெருப்பக்கம் நின்று ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அவர் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துவிட்டு, பக்கவாட்டில் இருந்து கண்ணைத் திறந்தார். இரண்டு கரும்புள்ளிகள். என் முகத்துக்கு நேரே இருந்தன.

கடையிலிருந்து திரும்பிய அத்தை தெருவிலேயே நின்றுவிட்டார்.

"முன்னாடி கண்ணாடி வெச்ச. பின்னாடி யாரு நிக்கறா பாரு."

மரக்குதிரை ஒரு பக்கம்தான் பார்க்கும். கண்ணாடியில் எழுதிய கண் இரண்டு பக்கமும் பார்க்கும். அதுவரை அது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது போல இருந்தது.

"ஈர மைதானே பாவா, தொடைச்சிடு" என்றேன் அவரிடம்.

"தொறந்த கண்ணைப் புடுங்கச் சொல்றியா?"

தூரிகையை வைத்துவிட்டு வெளியே வந்தார். என் கையை எடுத்துவிட்டு, நான் நின்ற இடத்தில் நின்றார். சில்லோடு முகம் சேர்த்து, இமைக்காமல் பார்த்தார்.

"மொதல்ல பாத்தது என்னைத்தாம்மா. இவ ஓரமாத்தான் நின்னுகினு இருந்தா."

அத்தை என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"ஆங்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

வசந்தி பிறந்தபோது தெருவே கேட்கும்படி அழுதாள். அவள் தவழ்வதற்குள் ஊரில் அம்மை போட்டது. எத்தனையோ வீடுகளில் செத்தவர்களை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் அவரை. அத்தை ஜன்னல் பேச்சை எடுக்கவே இல்லை. ரயிலடிக்குப் போனால் மட்டும் மாதா கோயில் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போவார்.

போன வாரம் வசந்தியைக் கோயிலுக்குள் அழைத்துப்போனேன். அப்பா எழுதிய முகத்தை அண்ணாந்து பார்த்தாள். வெயில் அவள் கன்னத்தில் நீலமாக விழுந்தது.

"வெளிய போய் அந்தப் பக்கம் பாக்கலாம்மா."

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல" என்றேன். வீடு வரும்வரை அவள் கையை விடவில்லை.