மாப்பிள்ளை கொடுத்த தடி

எங்கள் ரயிலில் பயணிகள் ஏறியதில்லை. சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குத் தாது கொண்டுபோவதற்கென்றே போட்ட லைன் அது. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், அவ்வளவுதான் நீளம். என்ஜின்கள் மூன்று. நீராவியில் பெரியது பெரியம்மா. சின்னது சித்தி, புறப்படும்போது ஆர்ப்பாட்டமாகப் புறப்பட்டு, பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். கடைசியில் வந்த டீசலுக்கு மருமகன் என்று பெயர் வைத்தார்கள். நிறையக் குடித்துவிட்டு ஷெட்டிலேயே படுத்துக் கிடக்கும்.

பெரியம்மாவை முதலில் ஓட்டியவர் என் அப்பா. அவருக்குப் பிறகு என் தம்பி. நான் சித்தியை ஓட்டினேன்.

லைனை மூடி வெகுகாலம் கழித்து, கம்பெனி பெரியம்மாவுக்குப் பெயின்ட் அடித்து, பின்னால் இரண்டு வேகன்களையும் கோத்து, ஆபீஸ் முன்னால் காட்சிக்கு நிறுத்தியது. பக்கத்தில் லைனின் வரலாறு சொல்லும் பலகை ஒன்று வரப்போகிறது என்றார்கள். திறப்பு விழாவுக்கு அழைக்க மேனேஜரே வீட்டுக்கு வந்தார். சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். பலகையில் எழுதப்போவதைக் காட்டினார். அதில் ஒரு வரி: "ஓட்டுநரின் கவனக்குறைவால் ரயில் இறக்கத்தில் கட்டுமீறிக் கவிழ்ந்தது; ஓட்டுநர் உயிரிழந்தார்."

அந்த ஓட்டுநர் என் தம்பி.

"இந்த வரி இருந்தா எங்க வீட்டிலேருந்து ஒருத்தரும் வரமாட்டாங்க."

"விசாரணையில அப்படித்தானே சார் முடிவாச்சு? உங்களைத் தவிர வேற யாராவது மாத்திச் சொல்லட்டும், எடுத்துடறேன்."

இறக்கம் தொடங்கும் உச்சியில் எங்கள் ரயில் நிற்க வேண்டும். பிரேக்மேன் இறங்கி, ஒவ்வொரு வேகனின் பிரேக் கம்பியையும் கனமான ஒரு மரத்தடியால் அழுத்தி மாட்டிக்கொண்டே வருவார். எல்லாம் முடிந்தபின் அந்தத் தடியை டிரைவரிடம் கொடுப்பார். தடி என்ஜினுக்குள் கொக்கியில் தொங்கினால்தான் ரயில் இறங்கலாம். தடி வருமுன்பே தம்பி வண்டியைக் கிளப்பிவிட்டான் என்பதுதான் அவன் மேல் சுமத்திய குற்றம்.

கவிழ்ந்த என்ஜினுக்குள் முதலில் ஏறியவன் நான். தடி கொக்கியில் மாட்டியபடியே இருந்தது. விசாரணையில் சொன்னேன். அண்ணன் சாட்சி எடுபடாது என்றார்கள். தம்பி கடைசி நேரத்தில் வெளியே தள்ளிக் காப்பாற்றிய ஃபயர்மேன்கூட, கரி அள்ளிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை என்று நழுவிவிட்டார். பிரேக்மேன் மட்டும் தெளிவாகச் சொன்னார்: "நான் தடியைக் கொடுக்கவே இல்லை."

அந்தப் பிரேக்மேன் எங்கள் தங்கையின் கணவர்.

தேய்ந்துபோன பிரேக்குகளை மறைக்கக் கம்பெனிதான் மிரட்டிச் சொல்ல வைத்தது என்றே நம்பியிருந்தேன். இருந்தாலும் அதன்பின் அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. நல்லது கெட்டதுக்கு மனைவியை அனுப்பிவைத்தேன்.

இப்போது போனேன். கதவைத் திறந்த தங்கை, "வழி ஞாபகம் இருக்கா அண்ணா? யாரையாவது கேட்டு வந்தீங்களா?" என்றாள்.

மாப்பிள்ளை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் விளிம்பு நிறைய மருந்து டப்பாக்கள். என்னைக் கண்டதும் கைத்தடியை ஊன்றி எழ முயன்றார்.

"உட்காருங்க மாப்பிள்ளை. மேனேஜர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும், தடியைக் கொடுத்தேன்னு. இனிமே கம்பெனி உங்களை என்ன பண்ணிடும்?"

"கம்பெனி என்னை ஒண்ணும் பண்ணலை மச்சான். நானாத்தான் அப்படிச் சொன்னேன்."

அவரே சொன்னார்.

"நல்ல மழை. கூட இருந்த இன்னொரு பிரேக்மேனை அப்பதான் ஆள்குறைப்புன்னு நிறுத்தியிருந்தாங்க. அத்தனை வேகனுக்கும் நான் ஒருத்தன். முன்பாதிக்கு மாட்டினேன். மிச்சத்தை என்ஜின் தாங்கிக்கும்னு நினைச்சுத் தடியைக் கொடுத்துட்டேன். 'எல்லாம் ஆச்சா மாப்பிள்ளை?'ன்னு உங்க தம்பி கேட்டான். ஆச்சுன்னேன். கடைசி வேகன்ல ஏறிக்கிட்டேன். வேகம் பிடிச்சதும் குதிச்சுட்டேன்."

"அவன் இறங்கித் தட்டிப் பார்க்கலையா?"

"மத்தவங்க மாட்டினா வால் வரைக்கும் நடந்து, சுத்தியலால தட்டித் தட்டிப் பார்ப்பான். நான் மாட்டினா ஒரு நாளும் பார்த்ததில்லை. உங்கப்பா அப்படித்தானே சொல்லி வச்சிருந்தார்?"

ஆமாம், சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் இருவரையும் ஷெட்டில் நிற்கவைத்துச் சொன்னார்: "மாப்பிள்ளை மாட்டின பிரேக்கை நீங்க தட்டிப் பார்க்கக் கூடாது. பொண்ணு கொடுத்த வீட்டைச் சந்தேகப்படற குடும்பம் இல்லை இது." நானும் அப்படித்தான் நடந்தேன். சித்திக்கு இழுக்கக் கொடுத்த வேகன்கள் குறைவு. அதனால் நான் உயிரோடிருக்கிறேன்.

தங்கை வாசற்கதவில் சாய்ந்து நின்றாள். "எனக்கு அந்த வாரமே தெரியும். போனவன் போயிட்டான், இருக்கறவரையும் ஜெயிலுக்கு அனுப்பணுமான்னு வாயை மூடிக்கிட்டேன். நீங்க கோவிச்சுக்கிட்டு வராம இருந்தது எனக்கு வசதியாப் போச்சு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்திருக்கின்றன.

"வரேன் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "கண்ணை மூடறதுக்குள்ள சொல்லிடறேன்." இஸ்திரி போட்ட சட்டை கேட்டார். தங்கை எடுத்து அவர் மடியில் எறிந்தாள்.

மேனேஜர் எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். முதலில் நான்தான் பேசினேன்.

"தப்பு ஓட்டுநர் மேல இல்லைன்னு தெரிஞ்சா அந்த வரியை எடுத்துடுவீங்களா?"

"வரியையே எடுக்கறேன்னு அன்னிக்குச் சொல்லிட்டேன், அது முடியாதுங்க, மாத்தலாம். விபத்து நடந்தது நடந்ததுதானே. ஓட்டுநர் இல்லைன்னா பிரேக்மேன். ஒரு வார்த்தைதான் சார், அஞ்சு நிமிஷ வேலை." சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். பிரேக்மேன் இவர்தான் என்று அவருக்குத் தெரியாது.

"ரெண்டாவது பிரேக்மேனை நிறுத்தினாங்களே, அதை எங்கே போடுவீங்க?"

"அது நிர்வாக முடிவு சார். பலகையில இடமும் இல்லை."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "தடியை நான்..."

அவர் தோளில் கை வைத்தேன். எலும்புதான் தட்டுப்பட்டது. இந்த ஊர் போகவர அந்தப் பலகையைப் படிக்கும். படித்துவிட்டு என் தங்கை முகத்தைப் பார்க்கும்.

"இவர் எங்க வீட்டு மாப்பிள்ளை. உடம்பு சரியில்லை, பழசெல்லாம் குழம்பிப் போச்சு. துணைக்குக் கூட்டிட்டு வந்தேன். அந்த வரி அப்படியே இருக்கட்டும்."

"அப்போ விழாவுக்கு வருவீங்கதானே சார்?"

"வரமாட்டோம்."

வெளியே வெயிலில் பெரியம்மா பச்சைப் பெயின்டோடு நின்றாள். அவள் எந்தக் காலத்திலும் பச்சை இல்லை.

"ஏன் மச்சான்? நான் சொல்லத்தானே வந்தேன்?"

"பொண்ணு கொடுத்த வீடு," என்றேன். தம்பியை இரண்டாம் முறையும் அதே வார்த்தைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அவர் முதல் வேகனிடம் போய்க் கைத்தடியால் பிரேக் கம்பியை அழுத்தி மாட்டினார். இரண்டாவதையும் மாட்டினார். மூச்சு இரைத்தது. என்னைப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார்.

நான் கீழே கிடந்த கல்லை எடுத்து முதல் பிரேக்கைத் தட்டினேன். சத்தம் கேட்டு அவர் திரும்பினார். பார்க்கட்டும் என்று இரண்டாவதையும் தட்டினேன்.

இரண்டும் இறுக்கமாகத்தான் இருந்தன.