அமாவாசை வீட்டுப் பார்சல்

லப்பைக்குடிக்காட்டில் ஒருவன் சவூதியிலிருந்து லீவில் வந்து இறங்கினால் ஊர் அவனிடம் இரண்டே கேள்விதான் கேட்கும். எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க. நடுவில் அங்கே அவன் எப்படி இருந்தான், என்ன தின்றான் என்பதைப் பற்றி ஒருவருக்கும் அக்கறை கிடையாது. கடைத்தெருவில் கேட்பார்கள், பள்ளிவாசலில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் பிரியாணியைப் பிசைந்துகொண்டே கேட்பார்கள். நசீருதீனும் இரண்டு தேதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வான். வீட்டுக்குள் வந்தாலும் அந்த வாய் திறக்காது.

அவன் மனைவி ஹஃபீசாவுக்கு அதுதான் தீராத குறை. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவன் ஊருக்கு வந்தது இது இரண்டாவது லீவு. "அங்க எல்லாம் சௌரியமா?" என்று ஆசையாகக் கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்ந்து முடித்துவிடுவான். அதற்குமேல் யார் என்ன கேட்க முடியும்? இந்த மனுஷன் தன்னை மனசில் வைத்திருக்கிறானா, இல்லை மாசாமாசம் டிராஃப்ட் எடுத்து அனுப்புகிற கடமையோடு கடமையாக வைத்திருக்கிறானா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் இன்னொரு தடவை அவனைப் பிளேன் ஏற்றிவிட அவளால் ஆகாது.

அதற்கு அவள் நம்பியிருந்தது கொடைக்கானலை. லீவில் வருகிறவர்கள் எல்லாரும் பெண்டாட்டியை அங்கேதான் கூட்டிப் போவார்கள். பக்கத்து வீட்டு ஹுஸ்னா, ஏரியில் படகில், குதிரைமேல் உட்கார்ந்தபடி என்று ஒரு ஆல்பமே வைத்திருந்தாள். ஹஃபீசாவுக்குக் குதிரை வேண்டாம். மாமியும் நாத்தனாரும் வந்து போகிற சனமும் இல்லாத ஓர் இடத்தில் இரண்டு நாள் இருந்தால் போதும், பேச வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போது நசீருதீன் சொன்னான்: "நாளைக்குக் கெளம்பு. கொடைக்கானல் இல்ல. சிதம்பரத்துக்கு அந்தாண்ட, கடக்கரைல ஒரு குப்பம். அமாவாசை வூட்டுக்கு ஒரு பார்சல் குடுக்கணும். அமானிதம்."

லீவில் வருகிறவன் அங்கே ரூமில் கூட இருக்கிறவர்களின் சாமானையும் சேர்த்துத்தான் சுமந்து வருவான். அமானிதம் என்றால் அடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருள், அதனால் அதற்கு மறுபேச்சு கிடையாது. மற்றவர்கள் சாமானெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. பாக்கி, அதே ரூமில் இருக்கும் இந்த மீனவன் அமாவாசையுடையதுதான்.

திட்டக்குடி, விருத்தாசலம், சிதம்பரம் என்று பஸ் மாறி மாறிப் போனார்கள். ஹஃபீசா கோபத்தில் வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசவில்லை என்பதையே அவன் கவனிக்கவில்லை. அதில் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

குப்பத்தில் சவுக்குத் தோப்பு, கரையேற்றிப் போட்ட கட்டுமரங்கள், காயப்போட்ட கருவாடு, அதைச் சுற்றிக் காக்கா. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று இவர்கள் இரண்டு பேர்தான். கடல் யாருக்காகவும் இல்லாமல் தன்பாட்டுக்கு அலையடித்துக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

அமாவாசையின் மனைவி பாக்யலட்சுமி வாசலுக்கே ஓடிவந்தாள். பார்சலை வாங்கினாள், பிரிக்கவில்லை, அப்படியே ஓரமாக வைத்தாள். டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"அங்க சோறு யாருண்ணே ஆக்குறது?"

"முறை வச்சு ஆக்குவோம்மா. அமாவாசை முறைன்னா குழம்பு சட்டியோட காலி."

"படுக்கறது எங்க?"

"ஜன்னலோரம் மேல் கட்டில் அவனுது. கீழ நானு. திரும்பிப் படுத்தா எனக்கு முழிப்பு வந்துரும்."

"உப்புத்தண்ணி பட்டா அவருக்குக் கால் வெடிக்குமே, யாரு பாத்துக்கறா?"

அவள் கேட்கக் கேட்க அவன் சொன்னான். கைலியைத் துவைத்துக் காயப்போடும் இடத்தில் வரும் சண்டையைச் சொன்னான். பெருநாள் அன்று எல்லாரும் சிரித்துவிட்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதைச் சொன்னான். ஹஃபீசா டீ டம்ளரைப் பிடித்தபடி பார்த்தாள். இவனுக்குள் இவ்வளவு பேச்சா? யாரோ ஒருத்திக்கு வாரி வாரி இறைக்கிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்.

சாயங்கால அஸர் தொழ அவன் தோப்புப் பக்கம் எழுந்துபோனதும் பாக்யலட்சுமி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க தூக்கத்துல சிரிப்பீங்களாமே?"

ஹஃபீசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"எங்க வூட்டுக்காரரு போன்ல சொன்னாரு. அண்ணன் ரூம்ல உங்க பேச்சாத்தான் இருப்பாராம். லீவு முடிஞ்சு அங்க போன புதுசுல ராத்திரி முழிச்சு உக்காந்துக்குவாராம், சிரிப்புச் சத்தம் கேக்கலையேன்னு."

ஹஃபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எங்களுது மட்டும் என்ன? அடுத்தவங்க கதைன்னா பேசுவாரு, எங்களப் பத்தின்னா 'புள்ளைங்க நல்லாருக்கா, சரி வையி, காசு ஆவுது', அவ்வளவுதான். என்னப் பத்தி அவரு என்ன பேசுறாருன்னு உங்கூட்டு அண்ணன்கிட்டதான் நான் கேட்டு வாங்கணும்." பாக்யலட்சுமி சிரித்தாள். "அண்ணன் மஞ்சக்காமாலைல கெடந்தப்பகூட, உங்களுக்குத் தெரிய வேணாம்னு எங்க வூட்டுக்காரருகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாராமே."

"மஞ்சக்காமாலையா?"

பாக்யலட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கடைசி பஸ்ஸு ஆறு மணிக்குக்கா. அத வுட்டா காலையிலதான். கொஞ்ச நேரம் கரையில உக்காந்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாக அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தொழுதுவிட்டு வந்தவனோடு ஹஃபீசா மணலில் போய் உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்த்தபடி, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"காமாலை வந்தப்ப கஞ்சி யாரு வச்சுக் குடுத்தா?"

அவன் திடுக்கிட்டான். "அல்ஹம்துலில்லாஹ், இப்ப நல்லாத்தானே—"

"அது தெரியுது. கஞ்சி யாரு வச்சா?"

"சொன்னா நீ இங்க உக்காந்து அழுவ."

"அழுவேன். அது என் பாடு. நீங்க சொல்லுங்க."

அவன் மணலைக் கிளறிக்கொண்டே, "அமாவாசைதான்" என்றான். "டியூட்டி முடிஞ்சு வந்து வைப்பான். எனக்குக் கரண்டி பிடிக்கக்கூட முடியல. ஊட்டிவிட்டான். ஒரு நாள் வாயத் தொறக்க மாட்டேன்னு அடம்புடிச்சேன். மையத்தா பெட்டியில அனுப்பிட்டா நீ என்ன செய்வேன்னு நெனச்சு நெனச்சு..."

சொன்னபடியே அவள் அழுதாள். அவன் நிறுத்தவில்லை. ஐந்து வருஷத்துப் பேச்சு, முன்னும் பின்னுமாக வந்தது. முதல் தடவை போனபோது ஏர்போர்ட் கக்கூஸில் நின்று அழுததைச் சொன்னான். அவள் அனுப்பிய போட்டோவை ரூமில் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததைச் சொன்னான்.

அவன் தோளுக்குப் பின்னால், சவுக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டு கடைசி பஸ் வந்து நின்றது. அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. கண்டக்டர் படியில் நின்று கடற்கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பாக்யலட்சுமி வாசலில் இருந்து இவர்களைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள், பார்த்தாள், கையை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ் கிளம்பிப் போயிற்று.

"அப்புறம்?" என்றாள் ஹஃபீசா.