பிளக்ஸில் இருக்கும் பிள்ளை

மே மாதம் பிறந்துவிட்டால் தவமலர் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். இனப்படுகொலை நினைவேந்தல் என்று ஆளுயரத்துக்கு பிளக்ஸ் வைத்துவிடுவார்கள். அதில் மணலில் உட்கார்ந்து அலறுகிற தாய் அவள்தான். மடியில் கிடப்பது அவள் மகன் கார்முகில். ஊரில் கடைசிச் சண்டை நடந்தபோது, கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள்மேல் குண்டு விழுந்தது. படத்தை யார் எடுத்தார்கள் என்று ஒரு மண்ணும் அவளுக்குத் தெரியாது. உலகமே பார்த்து அழுததாம். அழட்டும், யார் வேண்டாமென்றது? பெற்றவளை ஒருத்தராவது கேட்டார்களா?

கடல் தாண்டி அகதி முகாமுக்கு வந்த பிறகும் அதைப் பற்றி அவள் மூச்சு விட்டதில்லை. தலை நரைத்து உடம்பும் போட்டுவிட்டதால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அண்ணன் காய்ச்சலில் செத்தான் என்று சொல்லியே மகள் சத்யாவை வளர்த்தாள். அந்த பிளக்ஸைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளையிடம், அது உன் அண்ணன் என்று எந்த வாயால் சொல்வது? இப்போது சத்யாவுக்குக் கல்யாணம். அண்ணன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் மணவறைக்குப் போவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். மற்ற படங்களெல்லாம் கடலோடு போய்விட்டன. இருப்பது அந்த பிளக்ஸ் படம் ஒன்றுதான்.

கூட்டமில்லாத மத்தியானமாகப் பார்த்து ஸ்டுடியோவுக்குப் போனாள். கம்ப்யூட்டரில் வேலையாக இருந்த பெண் கார்த்திகாவிடம், அந்தப் படம் இருந்த போனை நீட்டினாள்.

"இந்தப் பெடியன மட்டும் தனியா எடுத்துத் தாறியே பிள்ளை? ரத்தம் தெரியக் கூடாது."

"ஐயோ, இந்தப் படமாக்கா? இவன் ஒங்களுக்கு யாரு?"

"சொந்தக்காரப் பெடியன்."

செத்தவர்களின் ரேஷன் கார்டு படத்துக்கே பட்டுச் சட்டை போட்டுவிடுகிற கை கார்த்திகாவுக்கு. தாயை அழித்தாள், மணலை அழித்தாள், நெற்றி ரத்தத்தைத் துடைத்தாள், நீலச் சட்டை மாட்டினாள்.

"கண்ணத் தொறந்து வைக்கவாக்கா? வேற பையன் கண்ணு இருக்கு."

"வேண்டாம். நித்திரை கொள்ளட்டும்."

"சரிக்கா. இங்கிட்டு கழுத்துக்கு அடியில அந்தம்மா கை மட்டும் இடிக்குது. இதையும் தூக்கிறேன்."

"ஐயோ, அத எடுக்காத! தலை விழுந்திடும்!"

தவமலர் பாய்ந்து திரையைத் தாங்கிப் பிடித்தாள். கார்த்திகா திரையிலிருந்த கையைப் பார்த்தாள், திரையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். பிறகு கையை அப்படியே விட்டுப் பிரிண்ட் போட்டு லேமினேஷன் மெஷினில் சொருகினாள்.

சத்தம் கேட்டு வந்த கடைக்காரர் பெலிக்ஸ், திரையில் இருந்த பிள்ளையையும் தவமலரையும் மாறி மாறிப் பார்த்தார்; விஷயம் புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷன்தான், அதுதான் வினை.

"அம்மா, நீங்களா! வருஷா வருஷம் அந்த பிளக்ஸ அடிக்கிறதே நான்தாம்மா. இந்தத் தடவ மேடையில நீங்கதான் இருக்கணும்." போனைத் தூக்கினார். "கொஞ்சம் இங்கிட்டுப் பாருங்கம்மா."

"வேண்டாம் தம்பி. என்ர மகளுக்குத் தெரியாது."

அழுகிற ஆளுக்குக் காது எங்கே கேட்கிறது? ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்தாள். கார்முகில் இன்னும் முழுசாக மெஷினிலிருந்து வெளியே வரவில்லை. அவனை விட்டுவிட்டு இன்னொரு தடவை எப்படி ஓடுவது? நின்றாள். பெலிக்ஸ் படம் எடுத்தார், எடுத்த கையோடு அந்தத் தாய் இவர்தான் என்று எழுதி நினைவேந்தல் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். முகாம் பிள்ளைகள் பாதிப்பேர் அந்த குரூப்பில்தான் இருக்கிறார்கள்.

சூடு ஆறாத படத்தைக் கார்த்திகா அவள் கையில் கொடுத்தபோது, மேசைமேல் தவமலரின் போன் அடித்தது. சத்யாதான் கூப்பிட்டாள்.