மூன்று பச்சை எண்கள்

மருந்துப் பெட்டியைப் பிரித்தபோது மங்கையர்க்கரசிக்கு விஷயம் விளங்கியது. வெள்ளையம்மாவின் பெயர் ஒட்டிய உறைக்குள் வெள்ளை மாத்திரை மட்டும் இருந்தது. மஞ்சள் மாத்திரை இல்லை.

உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு கைக்கணினியான டெப்பைத் திறந்தாள். டொக்டர் இஸ்ரா கேகாலை ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிய குறிப்பு திரையில் இருந்தது. மூன்று மாதமாகப் பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒரு மாத்திரையை நிறுத்துகிறேன். நல்ல முன்னேற்றம்.

டொக்டர் செய்ததில் பிழை இல்லை. மூன்று மாதமும் பச்சை எண்தான். 116க்கு 74. 118க்கு 76. 116க்கு 75. மூன்றையும் மங்கையர்க்கரசி வெள்ளையம்மாவின் கையில் இல்லை, தன்னுடைய கையில் பிடித்திருந்தாள்.

அவள் ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவியாள். போன வருஷம் வரை பிரஷர்காரர்கள் மாதம் ஒருமுறை கேகாலைக்குப் போக வேண்டியிருந்தது. விடியற்காலை பஸ், நீள வரிசை, பின்னேரம் மூன்று மணிக்குக் கையில் மாத்திரை. அன்றைய வேலைக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. பாதிப் பேர் போகாமலே இருந்துவிட்டார்கள். இப்போது அவள் டெப்பையும் பிரஷர் மெஷினையும் தோள்பையில் போட்டுக்கொண்டு தொழிலாளர் வீடுகளுக்கு லயம் லயமாகப் போகிறாள். கையில் பட்டையைக் கட்டினால் எண் தானாக டெப்புக்குப் போகும். கையால் எழுதவோ திருத்தவோ முடியாது; சிக்னல் கிடைத்து டொக்டருக்குப் போகும் வரை அழிக்க மட்டும் முடியும். டொக்டர் இருந்த இடத்திலிருந்தே பார்த்து மாத்திரை எழுதுவார். நாற்பத்தாறு பேருக்கும் இரண்டு பின்னேரம் போதும்.

"தாலி கட்டுனப்பகூட அந்த மனுசன் இப்படி இறுக்கல" என்று கீழ் லயத்தில் பிரேமலதா முதல் நாள் சொன்னாள். சிரித்த சிரிப்பில் எல்லாருக்கும் பிரஷர் ஏறிப்போய், உட்காரவைத்துத் திரும்பப் பிடிக்க வேண்டியதாயிற்று.

சிவப்பு எண் விழுந்தால் பெயர் தோட்டத்து ஒபிசுக்கும் போகும். சிவப்புக்காரர்கள் சரிவில் ரப்பர் பால் வெட்டக் கூடாது. அவர்களுடைய மரங்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவர்களைப் புல்வெட்டுக்கு அனுப்புவார்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த இருளப்பன் சரிவில் விழுந்து செத்த பிறகு வந்த சட்டம் அது. நல்ல சட்டம்தான்.

வெள்ளையம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாய்க்கால் சரிவில் இருந்த இருநூற்று எண்பது மரங்களும் பத்தொன்பது வருஷமாக அவளுடையவை. மூன்று மாதத்துக்கு முன் அவளுக்கு முதன்முதலாகப் பட்டையைக் கட்டியபோது எண் 172இல் நின்றது.

"மலையேறி வந்தேன், அதான். இன்னொருக்கா பிடி" என்றாள்.

இன்னொரு முறை பிடித்ததில் 170 வந்தது. வெள்ளையம்மா திரையைப் பார்த்தாள். பிறகு, "அந்த மரத்துல எல்லாம் மொதக் கத்தி வச்சது நான். மூணு வருசத்துல பென்சன். அதுவரைக்கும் ஓட்டிக்கிறேன் பிள்ள" என்றாள்.

அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மங்கையர்க்கரசி மறுத்திருப்பாள். எண்கள் இன்னும் போகவில்லை, இரண்டையும் அழித்தாள். பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டினாள். இரண்டு மாத்திரை சாப்பிடுகிறாளே, குறைந்துவிடும் என்று நினைத்தாள். அடுத்த மாதமும் அப்படியே நினைத்தாள்.

இப்போது மாத்திரை குறைந்திருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதரை. வெட்டு முடிந்து, பால் சிரட்டையில் வடியும் நேரம். மங்கையர்க்கரசி டிஸ்பென்சரிக் கதவைப் பூட்டிவிட்டு வாய்க்கால் சரிவுக்கு இறங்கினாள்.

வெள்ளையம்மா பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, காட்டுக்கே வந்துட்ட? டிஸ்பென்சரில ஈ ஓட்டி முடிஞ்சிருச்சா?"

"மாத்திரை வந்திருக்கு அத்தை. மஞ்சள நிப்பாட்டிட்டாங்க."

"கொறைச்சா நல்லதுதான? டொக்டரம்மா எனக்கு நல்லாயிருச்சின்னு தான சொல்றாங்க."

"எனக்கு நல்லாயிருக்குன்னு சொல்றாங்க அத்தை. அது என் கை."

வெள்ளையம்மா வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். மங்கையர்க்கரசி பையைத் திறந்து பட்டையை எடுத்தாள். ரப்பர் பால் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்த அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக் கட்டினாள். மெஷின் உறுமி, இறுக்கி, மெல்ல விட்டது.

194க்கு 116. திரை முழுவதும் சிவப்பு.

ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரவைத்துத் திரும்பப் பிடித்தாள். 192.

பள்ளத்தில் சிக்னல் கிடையாது. அனுப்பக் காத்திருப்பவை 2 என்று டெப் காட்டியது. மேலே ரோடு வளையும் அம்மன் கோயில் முடக்குக்குப் போனால்தான் போகும். அதுவரை அழிக்கவும் முடியும். அது வெள்ளையம்மாவுக்கும் தெரியும்.

"நீங்க இங்கயே ஆடாம இருங்க. நான் மேல போயி டொக்டரோட பேசிட்டு வர்றேன்."

"பால் நெறைஞ்சு கெடக்கு. வானத்தப் பாரு."

கேகாலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் பால் கரைந்து ஓடிவிடும். மங்கையர்க்கரசி வானத்தைப் பார்க்காமல் ஏறத் தொடங்கினாள்.

பின்னால் காலடி கேட்டது.

"அழிச்சிரு மங்கை. மாத்திரைய நான் வெளிய காசு குடுத்து வாங்கிக்கிறேன்."

"ஏறாதீங்க அத்தை."

"இன்னிக்கு அனுப்புனா நாளைக்குப் பெரட்டுல வேல பிரிக்கிறப்ப கணக்குப்பிள்ள என் மரத்த ராகினிக்குக் குடுத்துருவான். அவ கத்தி வக்கிறத நீ பாத்திருக்கியா? மரப்பட்டையத் தாண்டி உள்ள எறக்கிருவா."

மங்கையர்க்கரசி நின்று திரும்பினாள். வெள்ளையம்மா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வியர்த்திருந்தது. பார்வை மங்கையர்க்கரசியின் மேல் இல்லாமல் சற்றுத் தள்ளி எங்கோ இருந்தது.

"என்ன செய்யுது?"

"சும்மா கெறக்கந்தான்."

சொல்லிவிட்டு மரத்தடியிலேயே உட்கார்ந்தாள். கீழே எங்கோ ஒரு பறவை கத்தி ஓய்ந்தது. வெள்ளையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இருளப்பன் விழுந்தன்னிக்கு நான் பக்கத்து மரத்துல நின்னேன்" என்றாள். "அவனும் இதத்தான் சொன்னான்."

மங்கையர்க்கரசி இரண்டடி கீழே இறங்கினாள்.

"நீ போ" என்றாள் வெள்ளையம்மா. "நான் ஏறல."

கோயில் முடக்கில் டெப் ஒருமுறை கூவியது. எண்கள் போய்விட்டன. இனி அழிக்க முடியாது. மங்கையர்க்கரசி டொக்டரின் நம்பரைத் தேடுவதற்குள் கையில் இருந்த போன் அடித்தது.

"மங்கை, இதென்ன எண்? மெஷின் சரியா?"

"மெஷின் சரிதான் டொக்டர். ரெண்டு தரம் பிடிச்சேன்."

"தலைவலி, பார்வை மங்கல் இருக்கா?"

"கெறக்கம்னாங்க. பார்வையும் சரியா இல்ல. காட்டுல உக்காந்திருக்காங்க."

"நடக்க விடாதீங்க. அம்புலன்ஸ் சொல்றேன். எங்க வரணும்?"

கோயில் முடக்குக்கு வழி சொன்னாள். டொக்டர் யாருக்கோ சிங்களத்தில் சொல்வது கேட்டது. பிறகு திரும்பி வந்தார்.

"போன மாசம் இவங்களுக்கு 116. நான் மாத்திரையக் குறைச்சிருக்கேன். ஒரு மாசத்துல எப்படி இவ்வளவு ஏறும்?"

கோயில் வாசலில் யாரோ வைத்த சூடம் எரிந்து கறுத்த தடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மங்கையர்க்கரசி சொன்னாள்.

"அது என் கை, டொக்டர். மூணு மாசமும் என் கை."

மறுமுனையில் வார்டில் குழந்தை அழும் சத்தம் வந்தது.

"எத்தனை பேருக்கு இப்படிச் செஞ்சீங்க?"

"அவங்களுக்கு மட்டும்தான்."

"நான் அத எப்படி நம்புறது?"

மங்கையர்க்கரசி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"மூணு மாசத்துக்கு முந்தியே மாத்திரையக் கூட்டியிருப்பேன்" என்றார் டொக்டர். குரல் உயரவில்லை. "நாற்பத்தாறு பேரையும் நானே வந்து திரும்பப் பிடிக்கணும். டெப்ப இன்னிக்கே கணக்குப்பிள்ளைகிட்ட குடுத்துருங்க. இப்ப அவங்க பக்கத்துல போய் இருங்க."

அம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. வந்தவர்கள் வெள்ளையம்மாவை நாற்காலியில் வைத்துச் சரிவிலிருந்து தூக்கினார்கள். அவள் செருப்பு ஒன்று வழியில் கழன்று விழுந்தது. மங்கையர்க்கரசி அதை எடுத்து, மண்ணைத் தட்டி, வண்டிக்குள் அவள் காலடியில் வைத்தாள். டொக்டர் அந்தப் பக்கம் காத்திருக்கிறார், சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தாள்.

வெள்ளையம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் இன்னும் பலம் இருந்தது.

"வாய்க்கா ஓரம் மூங்கிலுக்குப் பின்னால முப்பது மரம். கண்ணுக்குத் தெரியாது. பால் எடுக்கிறப்ப விட்றாத."

வண்டி திரும்பிக் கேகாலை ரோட்டில் இறங்கியது.

கணக்குப்பிள்ளை தனுஷன் அதற்குள் முடக்குக்கு வந்திருந்தான். அவன் போனுக்கும் சிவப்பு போயிருந்தது. மங்கையர்க்கரசி டெப்பையும் மெஷினையும் பையோடு அவன் கையில் கொடுத்தாள். அவன் காரணம் கேட்டான். சொன்னாள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"நாளையிலருந்து அந்த மரம் ராகினிக்கு" என்றான் கடைசியில். "சட்டம். நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

"தெரியும். இன்னிக்குப் பாலு யாரு பேருல விழும்?"

"வெட்டுனவங்க பேருலதான்."

அவள் சரிவில் இறங்கினாள். கவிழ்த்துப் போட்ட வாளி அதே இடத்தில் கிடந்தது. முதல் மரத்தின் சிரட்டையைக் கழற்றிப் பாலை வாளியில் ஊற்றி, விரலால் வழித்து, திரும்ப மாட்டினாள். அவளுக்குப் பழக்கம் இல்லாத வேலை. வெள்ளையம்மா ஒரு மரத்தில் நிற்பதே தெரியாது, அவ்வளவு வேகம். இவள் நின்று நின்று போனாள். ஒவ்வொரு மரத்திலும் வெட்டுக் கோடு ஒரே அளவில், ஒரே சரிவில் இருந்தது. எங்கேயும் கத்தி ஆழம் போகவில்லை.

பாதி மரம் முடிந்தபோது முதல் துளிகள் மேல் இலைகளில் விழும் சத்தம் கேட்டது. இன்னும் கீழே வரவில்லை. மங்கையர்க்கரசி வாளியைத் தூக்கிக்கொண்டு, மற்ற மரங்களை விட்டுவிட்டு, முதலில் மூங்கிலுக்குப் பின்னால் போனாள்.