பெட்டிக்கு நல்லபிள்ளை

உயரமான கட்டடங்களில் கிரேன் ஓட்டுகிறவருக்கு வேலையிடத்தில் வைத்த பேர் ஆகாசம். காலையில் ஏணி ஏறினால் சாயந்திரம்தான் தரைக்கு வருவார் என்பதால் வந்த பேர். அந்த ஆகாசத்துக்குப் போன வாரம் கேபினுக்குள்ளேயே கண் இருட்டி, ஒரு கணம் நினைவு தப்பியது. கொக்கியில் இரும்பு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்று கொக்கி மாட்டுகிறவன் அவருடைய சொந்தத் தம்பி. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மனுஷர் அதை யாரிடமும் மூச்சு விடாமல் மறுநாளும் ஏறினார், அதற்கு மறுநாளும் ஏறினார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

வீட்டு மாடிப்படியில் தடுமாறி உட்கார்ந்தபோதுதான் மனைவியிடம் மாட்டிக்கொண்டார். அவள் விடுகிற ஆளா? துருவித் துருவிக் கேட்டு, எல்லாவற்றையும் கக்க வைத்து, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் எடுத்த இசிஜி சுத்தமாக வந்தது. ஆகாசத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? எனக்கு ஒண்ணுமில்ல. வா போலாம்."

இசிஜி எடுத்த பெண் சிரிக்கவில்லை. "ஐயா, நீங்க படுத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் இதயம் ஒழுங்கா துடிச்சுது, அவ்வளவுதான். மயக்கம் வர்றப்போ அது என்ன பண்ணுதுன்னு இந்தக் காகிதத்துக்கு எப்படித் தெரியும்?"

நெஞ்சு முடியை அங்கங்கே மழித்து, பசைவில்லைகளை ஒட்டி, வயர்களைச் செருகி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினாள்.

"ஷாக் அடிக்குமாம்மா?"

"உங்க இதயத்துல ஓடுற கரண்டைத்தான் இது பதிவு பண்ணும். உள்ள எதையும் அனுப்பாது. நாளைக்கு வந்து கழட்டுற வரைக்கும் நனைக்காதீங்க. வீட்டுல எப்பவும் போல இருங்க, நடங்க. மாடி ஏறினா ஆள் துணையோட ஏறுங்க. கிரேன் மட்டும் கூடவே கூடாது. தலை சுத்தினா உடனே உக்காந்து இந்த பட்டனை அமுக்குங்க. அமுக்க மறந்தாலும் பெட்டி பதிவு பண்ணும். ஆனா அமுக்கினாத்தான் உங்களுக்கு எப்ப என்ன பண்ணுச்சுன்னு டாக்டருக்கு விளங்கும்."

இவ்வளவு சொன்னதில் அவர் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான்: பெட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. பெட்டியில் கோளாறு தெரிந்தால் இனி மேலே ஏற விடமாட்டார்கள். தெரிந்த ஒரே வேலையும் போனால் தரையில் அவர் யார்? பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி, எப்படியாவது இதில் பாஸ் ஆகிவிட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்தவர் படுத்தவர்தான். பெருக்குவதற்குக் காலைத் தூக்கச் சொன்னாலும் மெதுவாகத்தான் தூக்கினார். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டார்.

"நோய் உங்களுக்கா, பெட்டிக்கா?" என்றாள் மனைவி. "அதுகிட்ட நல்லபிள்ளைன்னு பேர் வாங்கி என்னங்க பண்ணப் போறீங்க?"

"சும்மா இரு. இதயம் படபடக்குது" என்று அவள் வாயை அடைத்தார்.

சாயந்திரம் தம்பி வந்தான். ஆகாசம் அவசரமாகச் சட்டைப் பொத்தானை மாட்டினார். தம்பி எதிரே உட்கார்ந்து, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"லீவு போட்டியாமே. நீ நல்லாத்தானே இருக்கண்ணா?"

"எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்."

"நாளன்னைக்கு அந்தப் பெரிய இரும்பு விட்டம் ஏத்தறோம்." தம்பி கொஞ்சம் அவசரமாகச் சிரித்தான். "நீ மேல இருந்தா எனக்கு என்ன பயம்!"

அவன் போன பிறகு ஆகாசத்தால் படுக்க முடியவில்லை. கண்ணை மூடினால் தம்பியின் மஞ்சள் தலைக்கவசம், அதற்கு நேர்மேலே இரும்பு. வெட்கமாக இருந்தது. பெட்டியை ஏமாற்றிவிடலாம். இரும்பை ஏமாற்ற முடியுமா?

"கூட வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "மாடி ஏறணும்."

அவர் முன்னால், அவள் கையெட்டும் தூரத்தில் பின்னால். மேல்தளம் வரை ஏறினார்கள். ஒன்றும் இல்லை. இறங்கி மறுபடி ஏறினார்கள். வேண்டாத நேரத்திலெல்லாம் வந்து உயிரை வாங்கிய மயக்கம், இப்போது கூப்பிட்டால் வருவேனா என்றது. "போதுங்க, வாங்க" என்று அவள் கெஞ்ச ஆரம்பித்த வேளையில்தான் சுவர் நகர்ந்தது. நெஞ்சுக்குள் ஏதோ நின்று, தயங்கி, தடதடவென்று கிளம்பியது. அவள் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துப் படியில் உட்கார வைத்தாள்.

கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அமுக்கினால் ஒத்துக்கொண்டதாகிவிடும். அமுக்கினார்.

கண் தெளிந்ததும் அங்கேயே உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டார்.

"நாளன்னைக்கு நான் ஏறலடா. இனிமே ஏறுவேனான்னும் தெரியல. எனக்கு மயக்கம் வருது. போன வாரம், உன் தலைக்கு மேல இரும்பு தொங்கறப்பவே வந்துச்சு."



"தெரியும்ணா."

"என்னடா தெரியும்?"

"கொக்கி ஒரு மாதிரி வெட்டி நின்னுச்சு. உன் கை அப்படி நிறுத்தாது. வெளிய சொன்னா உன் பொழப்பு போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"அடப்பாவி! தெரிஞ்சுமா இத்தனை நாளும் கீழ நின்ன?"

"வேற எவனையாவது எப்படிண்ணா நிக்க வைக்கறது?"

ஆகாசம் போனைக் கையில் பிடித்தபடி வாய்விட்டு அழுதார். மனைவி அதை வாங்கிக் காதில் வைத்து, "உடனே கிளம்பி வாங்க தம்பி" என்றாள்.