நந்தகோபாலின் காய்ச்சல்

நாகலாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் வண்டிப்பாதையில் நடக்கும்போதே பாலகணேஷ் மூன்று பொய்களைத் தயார் செய்து வைத்திருந்தான். லேப்பில் மெஷின் ரிப்பேர். ரிப்போர்ட் தபாலில் தொலைந்துவிட்டது. முடிவு போன வாரம்தான் வந்தது. மூன்றுமே கேட்க லட்சணமாகத்தான் இருந்தன.

அவன் கோவில்பட்டிப் பலசரக்குக் கடைக்காரர் மகன். கால்நடை டாக்டருக்குப் படித்துவிட்டு, ஆட்டிலிருந்து ஆளுக்கு ஒட்டும் வியாதிகளை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தான். தொண்ணூற்றெட்டு ஆனி மாசம் முதல் தடவையாக இந்த ஊருக்கு வந்தான். அழகிரிசாமி, நந்தகோபால் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து மேய்த்த செம்மறிகள் மாசம் நிறையாமலே குட்டி வீசிக்கொண்டிருந்தன. அறுபது ஆட்டுக்கு ரத்தம் எடுத்தான். குட்டிகளை வெறுங்கையால் இழுத்துப்போட்டதும், மூச்சு அடைத்துக் கிடந்த குட்டியின் மூக்கில் வாயை வைத்து உறிஞ்சித் துப்பியதும் தம்பி நந்தகோபால்தான். பொழுது சாய்ந்தால் தனக்கு மேல் காய்கிறது, இடுப்பு விட்டுப்போகிறது என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னதும், பாலகணேஷ் அவர் கையிலும் ஊசி போட்டு ரத்தம் எடுத்துக்கொண்டான். பதினைந்து நாளில் முடிவு சொல்லுவதாக வாக்கும் கொடுத்தான்.

முடிவு ஆடியிலேயே தெரிந்துவிட்டது. ஆட்டுக்கு இருந்த அதே கிருமிதான் அவருக்கும். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனுஷனைக் கடித்த கதை. ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டால் தீரக்கூடிய வியாதி. ஒரு தபால் கார்டு போட்டிருந்தால் போதும்.

அவன் கெட்டவன் இல்லை. சுற்றூர் ஆடுகளின் கணக்கெடுப்பும் முடியட்டும் என்று இரண்டு மாசம் தள்ளினான். அப்புறம் டெல்லியில் ஒரு மாநாடு வந்தது. அதற்குப் பிறகு, இப்போது போய் நின்றால் இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்பார்களே என்கிற கூச்சம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகிவிட்டது. இப்போதுகூட அவன் தானாகக் கிளம்பவில்லை. அவனுடைய ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட இருந்த பத்திரிகைக்காரர்கள், அந்த ஆளின் ரத்தத்தை இரண்டாம் தடவை சோதித்தீர்களா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அதற்காகத்தான் வருகிறான். இதை மறைத்துக் கதை சொன்னால் எனக்குத்தான் பாவம்.

நந்தகோபால் வேப்பமரத்தடிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பாதி ஆளாக ஆகிவிட்டிருந்தார். இவனைக் கண்டதும் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து, மனைவி மாரிசெல்வியைக் கூப்பிட்டுக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். தொழுவில் ஆடு பத்துக்கு மேல் இல்லை. மீதி எங்கே என்று கேட்டதற்கு, அண்ணன் பிரித்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். ஆட்டுக்கிடைக்குக் காவலுக்கு வராதவனுக்குப் பங்கு எதுக்கு என்று கேட்டாராம். மாரிசெல்வி இப்போது தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய்த்தான் வீட்டில் உலை கொதிக்கிறதாம்.

"அண்ணன் சொன்னதும் நியாயந்தான் சார். டாக்டரே ரத்தம் எடுத்துப் பாத்துட்டுப் போயிட்டாரு, நோவு இருந்தா சொல்லாம இருப்பாரா, இவன் சோம்பேறி, நடிக்கான்னு ஊருக்குள்ள சொன்னாவ. யோசிச்சுப் பாத்தா எனக்கே அப்படித்தான் தெரிஞ்சுது. நோவு இல்லாதவனுக்கு மேல் காஞ்சா வேற என்னன்னு சொல்ல?"

சொல்லாமல் தள்ளிப்போட்ட ஒரு சேதி, அவ்வளவுதான் என்று பாலகணேஷ் இதுவரை நினைத்திருந்தான். அவன் சொல்லாததையே இந்த ஊர் ஒரு முடிவாக எடுத்துக்கொண்டிருந்தது. அந்த மூன்று பொய்யும் போன இடம் தெரியவில்லை.

"ஒங்களுக்கு நோவுதான். போன வருசம் ஆடியிலயே எனக்குத் தெரியும்" என்றான்.

கலர் பாட்டிலோடு வந்த மாரிசெல்வி அப்படியே நின்றாள். அவனைத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்தான். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் புருஷனைப் பார்த்துத்தான் அழுதாள்.

"இன்னைக்குக் காலையிலகூடச் சோத்தப் போட்டுட்டு, உக்காந்து திங்க வெக்கமா இல்லையான்னு கேட்டேனே. பாவி, நோயாளியவா கேட்டேன்."

நந்தகோபாலோ சிரித்தார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி, "கேட்டியாட்டி, எனக்கு நோவாம்" என்றார். அந்தச் சந்தோஷத்தைப் பாலகணேஷால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. இப்போதே கோவில்பட்டிக்குக் கிளம்புங்கள், பெரியாஸ்பத்திரியில் காட்டலாம், நான் கூடவே வருகிறேன் என்று அவசரப்பட்டான். மாத்திரை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம், முதலில் அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நந்தகோபால் கேட்டுக்கொண்டார். போகும் வழியில் முள்வேலிக் கம்பைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார்.

"எப்பத் தெரிஞ்சுதுங்கத மட்டும் அங்கன சொல்லாண்டாம் சார். நாலு பேரு ஒங்கள ஒரு மாதிரியாப் பேசுவாவ. அந்தப் பேச்சு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அழகிரிசாமி வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பாலகணேஷ் வியாதியின் பெயரைச் சொன்னான். அது எப்படி ஒட்டுகிறது, உடம்பை எப்படி முறிக்கிறது, எத்தனை நாள் மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதையெல்லாம் விளக்கினான். அழகிரிசாமியின் முகம் செத்துப்போயிற்று. தம்பியை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் இவன் பக்கம் திரும்பி, இது எப்போது தெரிந்தது என்று கேட்டார்.

பாலகணேஷ் வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லத்தான் திறந்தான் என்று பிற்பாடு பல நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அதற்குள் நந்தகோபால் முந்திக்கொண்டார். "போன வாரந்தானாம் அண்ணே. தெரிஞ்ச மறுநிமிசமே பஸ் ஏறிட்டாவ."

அழகிரிசாமி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லார் முன்னாலும் பாலகணேஷைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பாலகணேஷும் பதிலுக்குக் கும்பிட்டான்.